ஊவாவை அழவைத்த ஓம் மாஸ்டர்

பேசிப் பேசியே ஊரைக் கட்டிப்போட்டவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, அதையும் பாதி வாயால் சொல்லிக்கொண்டு, இலங்கையின் ஊவா மாகாணம் முழுவதையும் தன் முன்னால் உட்காரவைத்து அழவைத்த மனிதர் ஒருவர்தான். அவர் பெயர்... பெயரை விடுங்கள். பதுளையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எல்லோருக்கும் அவர் ஓம் மாஸ்டர்.

சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியிராத காலம். எங்கள் அப்பாவுக்குப் பதுளைக் கடைவீதியில் ஜவுளிக்கடை. நான் அங்கே ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த டீச்சர். சேலைத் தலைப்பை எப்படி இழுத்துச் செருகினால் பிள்ளைகள் பயப்படும் என்று கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த வயது. தலைமை ஆசிரியர் திருச்சிப் பக்கத்துக்காரர். பிரம்பு இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. தூங்கும்போதாவது கீழே வைப்பாரா என்று அவர் மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

ஒருநாள் அவர் ஆசிரியர் அறைக்கு வந்து அறிவித்தார். "யாழ்ப்பாணத்துப் பட்டதாரி ஒருத்தர் நம்ம ஸ்கூலுக்குப் பயிற்சிக்கு வர்றார். பாடம் நடத்த இல்லே. பிள்ளைகளுக்கு மனசுல ஏதாவது கஷ்டம்னா அதைக் கேக்கறதுக்காம்."

"கேக்கறதுக்கா சார்?" என்றேன் நான்.

"ஆமாம்மா. பி.ஏ. முடிச்சுட்டு, அதுக்கு மேலே ரெண்டு வருஷம் கேக்கறதுக்குப் படிக்கிறாராம்."

ஆசிரியர் அறை சிரித்து ஓய வெகுநேரம் ஆனது. காது இருந்தால் கேட்டுவிட்டுப் போகிறது, இதற்கொரு படிப்பா, இதற்கொரு பட்டமா என்று ஆளாளுக்குக் கிண்டல். என் பங்குக்கு நானும் சேர்ந்துதான் சிரித்தேன். எனக்கென்ன தெரியும்!

அவரை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போனோம், தலைமை ஆசிரியரும் நானும். ரயில் வந்து நின்றது. பெட்டியிலிருந்து முதலில் ஒரு மரக் கதிரை இறங்கியது. அடுத்து, அதே மாதிரி இன்னொரு மரக் கதிரை. அதற்குப் பிறகுதான் ஆள். ஒடிசலான தேகம், வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, மூக்கின் நுனியில் கண்ணாடி.

தலைமை ஆசிரியருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏன் மாஸ்டர், எங்க ஸ்கூல்ல உக்கார நாற்காலி இல்லேன்னு யாராவது சொன்னாங்களா?"

"ஓம்" என்றார் வந்தவர்.

"யார் சொன்னது? யார்னு சொல்லுங்க!"

"ஒருத்தரும் சொல்லேல்லை சேர். நீங்கள் கதைக்கிறதைக் கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டதுக்குச் சொன்னனான்."

எங்கள் பக்கத்தில் சம்மதம் என்றால் 'ஆமா', 'ஆமாங்க'. ஓம் என்பதைக் கோயிலில் ஐயர் வாயால்தான் கேட்டிருக்கிறோம். யாழ்ப்பாணத்தாருக்கோ எடுத்ததற்கெல்லாம் ஓம். கடையில் சீனி இருக்கிறதா? ஓம். மழை வருமா? ஓம். இவருக்கோ அதற்கும் மேலே ஒரு ஓம் இருந்தது. அது சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. 'சொல்லுங்கோ, நான் இருக்கிறன்' என்று அர்த்தம். இதை நான் புரிந்துகொள்ளவே ஒரு மாதம் பிடித்தது. ஊவாவில் மற்றவர்களுக்குப் புரியவேயில்லை, அதில்தான் வந்தது வினை.

கதிரைகளின் கதையை மறுநாள் கேட்டேன். "பிள்ளை இருக்கிற கதிரையும் நான் இருக்கிற கதிரையும் ஒரே உயரமாய் இருக்க வேணும் டீச்சர். ஒரு நூல்கூடக் கூடக்குறைய இருக்கப்படாது. கண்ணும் கண்ணும் நேராய்ப் பார்க்க வேணும்."

"பார்த்து?"

"கேக்க வேணும். ஏசேலாது. புத்தி சொல்லேலாது. இது சரி, இது பிழை எண்டு சொல்லவே ஏலாது. அதுதான் எங்கட படிப்பில முதலாவது சட்டம்."

"புத்தி சொல்லாத வாத்தியாரா? அப்ப சம்பளம் எதுக்கு?" என்று கேட்டேன். கோபிப்பார் என்று நினைத்தேன். "ஓம்" என்றார், அவ்வளவு அன்பாக. 

பழைய பூகோளப் படங்களும் காற்றுப்போன பந்துகளும் கிடந்த அறையை அவருக்கு ஒழித்துக்கொடுத்தார்கள். முதலில் அங்கே அனுப்பப்பட்டவன் ஆறாம் வகுப்பு சுப்பையா. பள்ளிக்கூட மணியின் நாக்கை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். தலைமை ஆசிரியர் ஒரு பள்ளித் தவணை முழுக்க அவனை அடித்துப் பார்த்தும் வாய் திறக்காத பயல். உள்ளே போனான். ஓம், ஓம் என்று சத்தம் மட்டும் வெளியே கேட்டது. அரை மணி கழித்துக் கதவைத் திறந்துகொண்டு ஓடினான். கொய்யா மரத்தடியைத் தோண்டினான், மணி நாக்கை எடுத்துக்கொண்டுவந்து தலைமை ஆசிரியர் மேசையில் வைத்துவிட்டு ஓவென்று அழுதான்.

"என்ன மந்திரம் போட்டீங்க?" என்று கேட்கத் தலைமை ஆசிரியர் அந்த அறைக்குள் நுழைந்தார். நுழைந்தவர் நுழைந்தவர்தான். மதியச் சாப்பாட்டு மணி அடித்தது, வரவில்லை. வீட்டுக்கு விடும் மணியும் அடித்தது. அப்புறம் வந்தார். கண் இரண்டும் கோவைப்பழம். வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "டீச்சர், என் மாமனாரை நான் மன்னிச்சுட்டேன்" என்றார். அந்த மாமனார் யார், என்ன செய்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அன்று அவர் கையில் பிரம்பு இல்லை. உள்ளேயே மறந்துவிட்டு வந்திருந்தார்.

அதோடு நின்றதா? மாஸ்டர் சந்தையில் கத்திரிக்காய் வாங்கப் போனால் கத்திரிக்காய்க்காரி தன் மகனைப் பற்றிச் சொல்லி மூக்கைச் சிந்துவாள். சவரம் பண்ணப் போனால் பாதி முகத்தோடு திரும்பி வருவார், ஏனென்றால் நாவிதர் பாதியில் விம்ம ஆரம்பித்திருப்பார். ஒருமுறை ஹல்துமுல்லை பஸ்ஸில் ஏறி டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தாராம். டிரைவர் தன் அண்ணன் தன்னோடு பேசாமல் இருக்கும் கதையை ஆரம்பித்திருக்கிறார். ஓம், ஓம் என்று இவர். கதை முற்ற முற்ற மனிதருக்கு ரோடு தெரியவில்லை. ஒரு வளைவில் பஸ்ஸை ஓரம்கட்டி நிறுத்திவிட்டு முழுக்கதையையும் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் ஒருத்தராவது கத்த வேண்டுமே? "பின்னால சரியா கேக்கல அண்ணே, மொதல்லேருந்து சொல்லுங்க" என்றார்களாம்.

பஸ்காரர்கள் வாயில் விழுந்தது தேயிலைத் தோட்டத்துக்குப் போகாமல் இருக்குமா? எல்ல ஊர்ப் பக்கத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களிலெல்லாம் பேச்சு பரவிவிட்டது. பதுளையில் ஒரு சாமி வந்திருக்காராம். நெத்தி பூரா விபூதியாம். நம்ம கஷ்டத்தச் சொன்னா 'ஓம்'னு மந்திரம் குடுக்குறாராம், நெஞ்சு அப்புடியே லேசாயிடுதாம்.

ஞாயிற்றுக்கிழமை பாருங்கள் கூட்டத்தை! மாஸ்டர் குடியிருந்தது கடைவீதியில், யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கடைக்கு மேல்மாடியில். அங்கிருந்து எங்கள் ஜவுளிக்கடை வாசல் வரைக்கும் வரிசை. தேங்காய், வெற்றிலை, கற்பூரம். ஒரு அம்மா கற்பூரத்தை ஏற்றியே விட்டாள். மாஸ்டர் இருமிக்கொண்டு மாடிப்படியில் நின்று கும்பிட்டார்.

"ஐயோ, நான் சாமி இல்லை! நான் பி.ஏ.!"

"ஆமாங்க, பி.ஏ. சாமி" என்று கூட்டமும் கும்பிட்டது.

அந்தக் கூட்டத்தில் வந்தவர்தான் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கறுப்பையாக் கங்காணி. அவருடைய மகள் பாக்கியம் என் வகுப்பில் எட்டாவது படித்தாள். தோட்டப் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிடாமல் டவுனுக்கு வந்து படித்த பெண்பிள்ளை அந்தத் தோட்டத்திலேயே அவள் ஒருத்திதான். விடியற்காலையில் மலையிறங்கி, பஸ் பிடித்து வருவாள். ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிட்டு மூன்று கேள்வி திருப்பிக் கேட்பாள். அவளுக்குப் பாடம் எடுக்கிற அன்றைக்கு நான் ராத்திரியே படித்து வைத்துக்கொள்வேன்.

கங்காணி வந்தபோது நான் சேலைத்துணி கொடுக்க மாடியில் சுருட்டுக்காரர் வீட்டில் இருந்தேன். ஆகவே கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். மாஸ்டர் கதிரையைக் காட்டி, "இருங்கோ" என்றார். தோட்டத்து மனிதர் படித்தவர் முன்னால் கதிரையில் உட்காருவதாவது! கங்காணி பதறிப்போய்த் தரையில் உட்கார்ந்தார். கண்ணுக்குக் கண் நேராக வேண்டுமே? மாஸ்டரும் தரையில் உட்கார்ந்தார். "ஐயையோ சாமி!" என்று கங்காணி துள்ளி எழுந்தார். மாஸ்டரும் எழுந்தார். கங்காணி கூனிக் குறுகினார். மாஸ்டரும் கூனினார். இப்படியே இருவரும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு கீழே ஓடிவந்துவிட்டேன்.

சிரித்துக்கொண்டு ஓடிவந்தேன். அதற்கப்புறம் உள்ளே நடந்தது சிரிக்கிற விஷயம் இல்லை.

அடுத்த நாள் பாக்கியம் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அந்தத் தோட்டத்துப் பஸ்காரரிடம் விசாரித்தேன். "தெரியாதா டீச்சர்? புள்ளைய நிப்பாட்டியாச்சு. வர்ற வெள்ளிக்கெழம பேரு பதியிறாங்க. தை பொறந்தா கல்யாணம். சாமியே ஓம்னு உத்தரவு குடுத்துட்டாருல்ல?"

பேர் பதிவது என்றால் தோட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். துரையின் ஆபீசில் பெயர் ஏறிவிட்டால் விடியும்போது பெரட்டில் போய் வரிசையாக நிற்க வேண்டும், பெயர் கூப்பிட்டதும் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போக வேண்டும். அப்படிப் போன பிள்ளை பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

சுருட்டுக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். "அந்தக் கங்காணி இறங்கி வரேக்க என்னட்டைக் கேட்டவர், சாமி ஓம் எண்டு சொன்னவர், அதுக்கு என்ன அர்த்தம் எண்டு. நான் சொன்னனான், எங்கட ஊரில ஓம் எண்டால் சம்மதம் எண்டு. மனுசன் என்ட காலில விழாத குறை!"

அடப்பாவி மனுஷா! அதுவரை வெறும் மந்திரமாக இருந்தது, அவர் வாய் வைத்ததும் சாமி உத்தரவாகிவிட்டது.

மாஸ்டரிடம் போய்க் கொட்டினேன். மரியாதையெல்லாம் பார்க்கவில்லை. "புள்ளைய நிப்பாட்டப் போறேன்னு அந்த மனுஷன் சொல்றாரு, நீங்க ஓம்ங்கறீங்க. கல்யாணம் பண்ணிக்குடுக்கப் போறேன்னு சொல்றாரு, அதுக்கும் ஓம்ங்கறீங்க! உங்க படிப்புல இதுதான் சொல்லிக்குடுத்தாங்களா?"

முதல்முறையாக அவர் ஓம் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "வியாழக்கிழமை தகப்பனையும் பிள்ளையையும் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லேலுமோ?" என்றார்.

"வியாழனா? அன்னிக்குத்தானே உங்க புரொபசர் வர்றாரு?"

பயிற்சியை நடத்தும் பேராசிரியர் அன்று கொழும்புப் பக்கத்திலிருந்து வந்து, மூலையில் உட்கார்ந்து, இவர் கேட்கிற அழகைப் பார்த்துப் பாஸா பெயிலா என்று சொல்லப்போகிறார். இரண்டு வருஷப் படிப்பும் அந்த ஒரு நாளில் நிற்கிறது. பள்ளிக்கூடத்துக்கே தெரியும்.

"அவர் போனதுக்கு அப்புறம் வரச் சொல்லுவோம் மாஸ்டர்" என்று கெஞ்சினேன்.

"வெள்ளிக்கிழமை பேர் பதிஞ்சு போடுவினம், டீச்சர்" என்றார். நான் பஸ்காரரிடம் சொல்லியனுப்பினேன்.

வியாழக்கிழமை. கோட்டும் டையுமாகப் பேராசிரியர் மூலையில். வகுப்பு டீச்சர் என்று என்னையும் உள்ளே நிற்கச் சொன்னார் மாஸ்டர். கங்காணி புதுத் தலைப்பாகையும் வெற்றிலைத் தட்டுமாக வந்தார், சாமி ஆசீர்வாதம் பண்ணத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்ற சந்தோஷத்தோடு. பின்னால் பாக்கியம், தலை குனிந்தபடி.

மாஸ்டர் கங்காணியின் தோளைப் பிடித்துக் கதிரையில் உட்காரவைத்தார். எதிர்க் கதிரையில் தான் உட்காரவில்லை. பாக்கியத்தை உட்காரவைத்தார். தான் போய்ச் சுருட்டிக் கிடந்த பூகோளப் படங்களின் மேல் குந்திக்கொண்டார். பேராசிரியரின் புருவம் ஏறியது.

"கங்காணி, அண்டைக்கு நான் சொன்ன ஓம், சம்மதம் இல்லை. நீங்கள் சொல்லுறதைக் கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டுதான் அதுக்கு அர்த்தம். நான் உத்தரவு ஒண்டும் தரேல்லை."

"அப்ப... சாமி வாக்கு இல்லீங்களா அது?" கங்காணியின் முகம் வாடிவிட்டது.

"இல்லை. இப்ப என்ட வேலையை நீங்கள் செய்யுங்கோ. பிள்ளை கதைக்கட்டும். நீங்கள் இடையில ஒண்டும் சொல்லாமல் கேளுங்கோ. கேக்கிறீங்கள் எண்டு அவவுக்கு விளங்கிறதுக்கு ஓம் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

மகளுக்கு எதிரே, அவள் உயரத்தில், கண்ணுக்கு நேராகக் கங்காணி உட்கார்ந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். என்ன செய்வதென்று தெரியாமல், அவள் வாயைத் திறக்கும் முன்பே, "ஓம்!" என்று ஒரு சத்தம் போட்டார். பாக்கியத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் பயம் போய்ப் பேச ஆரம்பித்தாள்.

"மலைக்குப் போக எனக்குப் பயமில்லப்பா. ஆத்தாளுக்கு முன்ன மாதிரி மலையேற முடியலன்னுதான் என்னைய நிப்பாட்டுறேன்னு எனக்குத் தெரியும்."

"ஓம்."

"ஆத்தாள பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்தோமே. டாக்டரு குடுத்த சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு ரோட்டுல போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம் நீட்டிக்கிட்டு நின்னியேப்பா. ஒருத்தரும் கையில வாங்கல."

"ஓம்" என்றார் கங்காணி. இந்தத் தடவை சத்தமே வரவில்லை.

"எனக்கு வெக்கமா இல்லப்பா. அவ்வளவு கோவமா இருந்துச்சு. இங்கிலீசு படிச்சு நானே வாசிச்சுச் சொல்லணும்னு அன்னிக்கு நெனச்சேன். இன்னும் அந்தளவுக்குப் படிக்கல. அதுக்குள்ள நிப்பாட்டிட்டியே."

கங்காணி வாயைத் திறந்தார். ஓம் வரவில்லை. தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். அறையில் என் மூக்குறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். அப்புறம் அவர் மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"சாமி, எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்க. அவ ஆத்தா படுற பாடும் பாக்க முடியல, இவ சொல்றதும் கேக்க முடியல. நீங்க படிச்சவரு. நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்க. நான் என்னா செய்யணும்?"

பேராசிரியர் கதிரையில் முன்னால் நகர்ந்தார். இதுதான் பரீட்சை என்று எனக்கே தெரிந்தது. 'ஓம்' என்று ஒரு வார்த்தை, 'உங்களுக்குக் கஷ்டமாயிருக்கு' என்று இன்னொரு வார்த்தை. அவ்வளவு சொன்னால் போதும், பாஸ். மாஸ்டர் பேராசிரியரைப் பார்த்தார். பாக்கியத்தைப் பார்த்தார். எழுந்து வந்து கங்காணிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் குவித்தார்.

"பிள்ளையைப் படிக்க விடுங்கோ ஐயா. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

யாழ்ப்பாணத்துப் பட்டதாரி ஒருவர் தோட்டத்துக் கங்காணியை 'ஐயா' என்று கூப்பிட்டுக் கும்பிட்டதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.  கங்காணி அலறிவிட்டார்.

"ஐயோ சாமி, கைய எறக்குங்க! என்னா காரியம் பண்றீங்க! படிக்கட்டும்ங்க, படிக்கட்டும். அவ ஆத்தாளுக்குப் பதிலா நான் ரெண்டு பேரு வேலைய செய்யறேன். நீங்க எந்திரிங்க மொதல்ல!"

அவர்கள் போன பிறகு பேராசிரியர் பேனாவை மூடினார். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார், அதை மறைக்கிறேன் என்று இன்னும் கடுமையாகப் பேசினார். "இவ்வளவு காலத்தில இப்பிடிக் கேக்கிற ஒருத்தரை நான் காணேல்லை. ஆனால் கடைசி வசனத்தில எல்லாத்தையும் கெடுத்துப்போட்டீர். முடிவு சொல்லப்படாது எண்டு எத்தினை தரம் படிச்சனீர்? உம்மை நான் எப்பிடிப் பாஸ் பண்ணுறது?"

"ஓம் சேர்" என்றார் மாஸ்டர். அவர் சொன்ன ஆயிரம் ஓமில் சத்தியமான சம்மதம் அந்த ஒன்றுதான்.

பாக்கியம் வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வந்தாள். வந்ததும் வராததுமாக என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை. பின்னாளில் அவள் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சரானாள். இங்கிலீஷ் சீட்டுகளைத் தூக்கிக்கொண்டு சுத்துவட்டாரத்து லயங்களெல்லாம் அவள் வாசலுக்குத்தான் வரும்.

மாஸ்டர் பெயிலாகித்தான் ஊருக்குத் திரும்பினார். அவர் போன காலையில் பதுளை ஸ்டேஷனில் நிற்க இடமில்லை. வழியனுப்பத்தான் வந்தார்கள் என்று நினைத்தால், ஒவ்வொருத்தராக அவர் பக்கத்தில் போய்த் தங்கள் கதையை ஆரம்பிக்கிறார்கள்! பஸ் டிரைவர், கத்திரிக்காய்க்காரி, நாவிதர், எல்லோரையும் தள்ளிக்கொண்டு தலைமை ஆசிரியர். கடைசி வாய்ப்பாம். மாஸ்டரும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை அதுவரை யாரும் பார்த்திருக்கவில்லை, நானும்தான்.

வந்ததே எனக்குக் கோபம். "நகருங்க எல்லாரும்! ஒரு மனுஷன் ரெண்டு வருஷப் படிப்பைத் தொலைச்சுட்டு நிக்கிறாரு. அவருக்கு மனசுன்னு ஒண்ணு இல்லியா? சார், உங்களுக்குந்தான், தள்ளி நில்லுங்க!" என்று கத்தினேன். தலைமை ஆசிரியரிடமே கத்தினேன், வேலை போனாலும் போகட்டும் என்று. கூட்டம் அரண்டு விலகியது. நான் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சொல்லுங்க மாஸ்டர்" என்றேன்.

முதலில் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு சொன்னார். ரயில் ஊதும் வரைக்கும் சொன்னார். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. என் வாயைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

வாரா வாரம் ஊர்க்கதை முழுவதையும் உங்களிடம் கொட்டுகிறவள் நான். அவர் அன்று சொன்னதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். இத்தனை வருஷமாக அதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.